தவறு ஆளிடமா, அமைப்பிடமா?



தரம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்தான் ஞாபகம் வரும். இரண்டு மணி நேரம் வைஸில் பிடித்து, அரத்தால் தேய்தேய் என்று தேய்த்து, கையெல்லாம் காய்த்துப்போய், ஜாபைக் கொண்டுபோய் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் நீட்டுவோம். அவர் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் கொஞ்சம் ஒளி தெரிந்தால் போச்சு! "போப்பா, மறுபடி தேய்ச்சுட்டு வா." அதற்கு மேல் தேய்க்க அதில் இரும்பே இருக்காது. ஜாப் ஸ்கிராப் பெட்டிக்குப் போய்விடும். நாமும் சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை எடுப்போம்.

ஆஸ்பத்திரியில் ஜாப் என்பது மனிதன். அங்கே ஸ்கிராப் பெட்டி கிடையாது. "மறுபடி தேய்ச்சுட்டு வா" என்றும் சொல்ல முடியாது. அப்படியானால் அங்கே தரத்தை எப்படி உண்டாக்குகிறார்கள்? எதை வைத்து அளக்கிறார்கள்? தவறு நடந்தால் என்ன செய்கிறார்கள்?

'மெக்கானிக்கல் படிக்கிற உனக்கு ஆஸ்பத்திரியைப் பற்றி என்ன அக்கறை?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறார்.

ஏழாம் கட்டில் மாரியம்மா

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா லோடுமேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நம்பர் மட்டும் தெரியும். அதுவும் பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துப் பழகியது.

போன வருஷம் ஒரு நாள் காலை. அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் (தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம்) நர்ஸம்மா சொன்னார்: "ஏழாம் நம்பர் மாரியம்மாவை எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போ." அம்மா ஏழாம் கட்டிலுக்குப் போனார். நம்பரைப் பார்த்தார். அத்தோடு விடாமல், படுத்திருந்த பாட்டியிடம் "மாரியம்மாதானே?" என்றும் கேட்டார். பாட்டி, "ஆமா தாயி" என்றது. வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்து முடித்துக் கூட்டி வந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல்தான் குட்டு உடைந்தது. அந்த வார்டில் மாரியம்மா இரண்டு பேர்! மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாரியம்மாதான் ஏழாம் கட்டில்காரர். ராத்திரி ஜன்னலோரம் காற்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாவம் என்று இரவு டூட்டி நர்ஸ், ஜன்னலோரம் பன்னிரண்டில் இருந்த இன்னொரு மாரியம்மாவோடு கட்டிலை மாற்றிவிட்டிருக்கிறார். பகல் டூட்டிக்கு வந்தவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரே சீட்டில் பெயரும் கட்டில் எண்ணும் மட்டும்தான் இருந்தன.

எக்ஸ்ரே தேவைப்பட்ட பாட்டிக்குச் சாயங்காலம்தான் எடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? பெரிய சத்தம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அம்மாவை நிற்க வைத்து, "உனக்குக் கண்ணு தெரியலையா? படிக்காத ஜென்மத்தை எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்றார். மூன்று நாள் சம்பளம் பிடித்தம்.

அன்றைக்கு ராத்திரி அம்மா அழுதுகொண்டே இதைச் சொன்னபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதாம்மா?" படித்த பிள்ளை சொன்ன ஆறுதல் அது! அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு தப்பு என்பதை இந்த வருஷப் பாடம்தான் எனக்குப் புரிய வைத்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிவப்பு மணி விளையாட்டு

நமக்கு இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பாடத்தில் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற பெயர் வரும். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கும் கம்பெனித் தலைவர்களுக்கும் தரத்தைப் பற்றி வகுப்பெடுத்தவர். அவர் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார்.

ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் நான்கு பங்கு வெள்ளை, ஒரு பங்கு சிவப்பு. 50 குழிகள் கொண்ட ஒரு தட்டை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு மணி பழுதான சரக்கு. வகுப்பில் சிலரைத் 'தொழிலாளி' ஆக்கி மணி எடுக்கச் சொல்வார். ஒருவருக்கு 6 சிவப்பு வரும். அவருக்குப் பாராட்டு! ஒருவருக்கு 14 வரும். அவருக்குத் திட்டு! அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கே 13 வரும். "பாராட்டியதும் தலைக்கனம் வந்துவிட்டது" என்பார். சுவரில் 'கவனமாக வேலை செய்' என்று எழுதிப் போடுவார். எதைச் செய்தாலும் சராசரி 10-ஐச் சுற்றியேதான் நிற்கும்.

ஏன்? பெட்டிக்குள்ளேயே ஐந்துக்கு ஒன்று சிவப்பு. எடுக்கிறவன் என்ன செய்வான்?

நாங்கள் ஹாஸ்டல் ரூமில் பாசிமணி வாங்கி இதைச் செய்து பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு இருபது இருபதாக எடுத்தோம். என் ரூம்மேட்டுக்கு முதலில் 2 சிவப்பு, அடுத்து 7, அப்புறம் 4. ஏழு வந்தபோது நாங்கள் ஓட்டிய ஓட்டில் அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நான் என்னடா பண்ணேன்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அம்மா சொல்லாமல் விட்ட வார்த்தை அதுதான்.

பழுதுகளில் மிகப் பெரும்பங்கு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், வேலை அமைந்திருக்கிற முறையிலிருந்து வருபவை என்பது டெமிங்கின் கணிப்பு. பெட்டியிலுள்ள சிவப்பு மணியைக் குறைக்கும் அதிகாரம் பெட்டியை நிரப்புகிறவருக்குத்தான் உண்டு, மணி எடுக்கிறவருக்கு இல்லை. தர மேலாண்மையின் உயிர்நாடி இதுதான்.

இப்போது அம்மாவின் கதையைத் திரும்பப் பாருங்கள். அம்மா நம்பரைப் பார்த்தார், பெயரையும் கேட்டார். ஆக இரண்டு முறை சரிபார்த்திருக்கிறார். சரிபார்க்கக் கொடுத்த அளவுகோல்கள்தான் கோணல்! கோணலான ட்ரை ஸ்கொயரைக் கையில் கொடுத்துவிட்டு ஜாப் கோணல் என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா?

இது உலகம் முழுக்க உள்ள சிக்கல்தான். 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகள் வெளியிடப்பட்டன. அதில் இரண்டாவதே நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதுதான். குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும். அவற்றில் அறை எண் ஒன்றாக இருக்கக் கூடாது என்கிறது அது. பெயரோடு பிறந்த தேதி, அல்லது பெயரோடு ஆஸ்பத்திரிப் பதிவெண் என்று மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டிவிட்டால், நோயாளி எந்தக் கட்டிலுக்குப் போனாலும் அடையாளம் கூடவே போகும். "மாரியம்மாதானே?" என்று கேட்காமல் "உங்க பேரு என்ன? உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும். ஒரு பட்டைக்கு என்ன செலவாகிவிடும்? அம்மாவிடம் பிடித்த மூன்று நாள் சம்பளத்தில் அந்த வார்டுக்கே கட்டியிருக்கலாம்!

தப்பாக மாட்டவே முடியாத சிலிண்டர்

நம் துறைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மிஷினில் இரண்டு விதச் சிலிண்டர்கள் மாட்டுவார்கள். ஒன்றில் ஆக்சிஜன், இன்னொன்றில் நைட்ரஸ் ஆக்சைடு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டினால் நோயாளி மூச்சு முட்டிச் செத்தே போவார். இதைத் தடுக்க வழி என்ன? 'கவனமாக மாட்டவும்' என்று போர்டு எழுதுவதா?

மிஷினில் சிலிண்டர் உட்காரும் இடத்தில் இரண்டு சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டர் வால்வில் அதற்கு நேராக இரண்டு துளைகள். ஆக்சிஜனுக்கு 2, 5 என்ற இடங்களில் துளை. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5 என்ற இடங்களில் துளை. மாற்றி வைத்தால் ஊசி துளைக்குள் போகாது, சிலிண்டர் உட்காராது. இருட்டாக இருந்தாலும் சரி, அவசரமாக இருந்தாலும் சரி, மாட்டுகிறவருக்குப் படிக்கவே தெரியாவிட்டாலும் சரி. நம் கோ - நோ கோ கேஜ் மாதிரிதான் இதுவும். தவறு நடக்கும் வழியையே அடைத்துவிடும் இந்த மாதிரி ஏற்பாட்டை ஜப்பான் தொழிற்சாலைகளில் 'போக்கா - யோக்கே' என்பார்கள். ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1960-களில் இதைப் பரப்பினார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊசி உடைந்துபோனாலோ, கசிவை நிறுத்த வாஷரின் மேல் வாஷர் போட்டாலோ இந்தக் காவல் போய்விடும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறவர் யார்? டாக்டரா? பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிற டிப்ளமோக்காரர்! நாளைக்கு அது நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

பத்தொன்பது கேள்விகள்

2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. ஒரே தாள், 19 குறிப்புகள். மயக்கம் கொடுக்கும் முன்பு, கத்தி வைக்கும் முன்பு, நோயாளியை வெளியே கொண்டுவரும் முன்பு என மூன்று இடங்களில் நிறுத்தி, சத்தமாகக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இவர் யார்? என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? பஞ்சு, ஊசி, கருவி எண்ணிக்கை சரியா? அங்கே இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. பெயர் சொல்லிப் பேசிவிட்டவர், பிறகு தப்பைக் கண்டால் வாய் திறந்து சொல்லத் தயங்க மாட்டார்.

டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2009 ஜனவரியில் வெளியானது. பட்டியலுக்கு முன்பு 100 பேரில் 11 பேருக்கு ஏதாவது பெரிய சிக்கல் வந்தது. பிறகு 7 பேருக்கு. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புது மிஷின் வாங்கவில்லை, கட்டடம் கட்டவில்லை. ஒரு தாள்!

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் இதே மாதிரிப் பட்டியலைக் கொண்டுவந்தார்கள். 2014-ல் வந்த ஆய்வு, அங்கே இறப்பிலும் சிக்கலிலும் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்றது. எப்படி? இதைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது. பட்டியல் இருப்பது வேறு, அதை மனதார நடத்துவது வேறு என்று பலர் சொன்னார்கள். நமக்கா தெரியாது? செய்யாத எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு ரீடிங் போட்டு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியவர்கள்தானே நாம்!

சரி, அப்படியானால் நிஜமான தரம் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் நம் பக்கத்து மதுரையிலேயே இருக்கிறது.

பதினொரு படுக்கையில் தொடங்கியது

டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். இளம் டாக்டராக ராணுவத்தில் இருந்தபோது மூட்டுவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போய்விட்டன. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆனார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 58-ஆம் வயதில், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் அவர் காலமானார்.

அவருடைய கவலை ஒன்றுதான். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், டாக்டர்கள் சிலரே. ஒவ்வொரு கண்ணாக எப்போது முடிப்பது? மெக்டொனால்ட்ஸ் கடைகளில் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மாதிரி தருகிறார்களே, அதுபோல் கண் சிகிச்சையை ஏன் ஒழுங்குபடுத்தக் கூடாது என்று யோசித்தார்.

அங்கே தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். இது முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பி அடுத்ததைத் தொடங்குவார். லேத்தில் ஜாப் மாற்றும் நேரத்தை மிச்சம் பிடிப்பது மாதிரி! டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்கிறார். மற்றதெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், பிளஸ் டூ முடித்து வந்து இரண்டு வருஷப் பயிற்சி பெற்றவர்கள். வேலை செய்கிறவர்களில் பாதிக்கும் மேல் இவர்கள்தான். இப்படி ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2000 கண்புரை அறுவைகள் செய்கிறார். இது நாட்டின் சராசரியைப் போலப் பல மடங்கு. பணம் இருப்பவர் கொடுக்கிறார், இல்லாதவருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. இரு பிரிவிலும் அதே டாக்டர்கள்தான் மாறி மாறி வேலை செய்கிறார்கள்.

'இவ்வளவு வேகமாகச் செய்தால் தரம் கெடாதா?' என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. வேகமாகச் செய்து கெடுத்த ஜாப் என் கணக்கில் நிறைய உண்டு. அங்கே கெடாமல் காப்பது எண்ணிக்கை. எந்த அறுவையில் என்ன சிக்கல் என்று பதிவு செய்து வைத்து, கூடி உட்கார்ந்து பேசி, முறையை மாற்றுகிறார்கள். கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதுதான் இந்த அறுவையில் மிகவும் பயப்படும் சிக்கல். முன்பே அது மிகக் குறைவு: 10,000 கண்களுக்குச் சுமார் 7. 'இதுவே போதும்' என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அறுவை முடியும்போது மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தத் தொடங்கினார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்து 2017-ல் வெளியான கணக்கு, அந்த 7 சுமார் 2 ஆகக் குறைந்தது என்றது. 10,000-ல் ஐந்து குறைவதை நூறு பேரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? வருஷக்கணக்கில் ஒளிக்காமல் எழுதி வைத்தால்தான் முடியும்.

புதுமையும் இப்படி ஒரு தேவையிலிருந்துதான் பிறக்கிறது. புரையை எடுத்ததும் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை நூறு டாலர் கணக்கில். ஏழைக்கு எப்படிக் கட்டும்? 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, பத்து டாலர் அளவிலும், பிறகு அதற்கும் குறைவாகவும் தரத்தோடு செய்து கொடுத்தார்கள். இது நம் மாதிரிப் பொறியியல் படித்தவர்களின் வேலை தோழர்களே!

அவர்கள் தங்கள் தோல்வியையும் அளந்து பார்த்தார்கள். கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் 1999-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 7 பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. கூட்டத்தைப் பார்த்தால் வெற்றி, வராதவர்களை எண்ணினால் தோல்வி! அதன் பிறகுதான் கிராமங்களின் பக்கத்திலேயே நிரந்தரமான சிறு கண் பரிசோதனை மையங்கள் வந்தன. பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிப்பார், தொலைவில் இருக்கும் டாக்டர் கணினி வழியே பார்த்து ஆலோசனை சொல்வார். இன்று அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

தர மேலாண்மை என்றால் பெரிய புத்தகம், பெரிய சர்டிபிகேட் என்று பயப்பட வேண்டாம். திட்டமிடு, சிறிதாகச் செய்து பார், அளந்து பார், சரியென்றால் நிலைநிறுத்து, தவறென்றால் மாற்று. இந்தச் சக்கரத்தை விடாமல் சுற்றுவதுதான் அது.

நம்மில் பலர் நாளை ஆஸ்பத்திரிகளில் வேலைக்குப் போவோம். மெக்கானிக்கல் நண்பர்கள் கேஸ் லைனையும் ஆட்டோகிளேவையும் பார்ப்பார்கள். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கரண்ட் போன நொடியில் தியேட்டருக்கு ஜெனரேட்டர் எடுக்கிறதா என்று பார்ப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் மானிட்டர் அலாரம் சரியாக அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் நண்பர்கள் ஒரே பெயரில் இரண்டு பேர் அட்மிட் ஆனால் எச்சரிக்கிற சாஃப்ட்வேர் எழுதலாம். சிவில் நண்பர்கள் கைகழுவும் தொட்டியை வார்டின் கோடியில் வைக்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். எல்லாருமே பெட்டியிலுள்ள சிவப்பு மணியைக் குறைக்கிறவர்கள்தான்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. எல்லாத் தவறுக்கும் அமைப்பின் மேல் பழி போட்டுவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. குடித்துவிட்டு வேலைக்கு வருவதும், லஞ்சம் கேட்பதும், தெரிந்தே பொய் ரீடிங் எழுதுவதும் ஆளின் குற்றங்களே. ஆனால் ஒழுங்காக வேலை செய்தவரைத் தண்டித்தால் என்ன ஆகும்? அடுத்த முறை தவறு நடந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், மறைத்துவிடுவார்கள். மறைத்த தவறை எண்ண முடியாது, எண்ண முடியாததைத் திருத்தவும் முடியாது.

இந்தக் கட்டுரையை எழுதும் முன்பு லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மணி விளையாட்டையும் காட்டினேன். "தப்பு உன் மேல இல்லம்மா, நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அது எனக்கு அன்னைக்கே தெரியும்யா. அந்த மூணு நாள் சம்பளத்தை யாரு தருவா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் மணிக்கட்டுப் பட்டை வரவில்லை. அம்மா மட்டும் இப்போது ஒவ்வொரு நோயாளியிடமும் "உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் வீல் சேரைத் தொடுகிறாராம்.

தோழர்களே! நாளைக்கு நாமும் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காருவோம். நம் முன்னால் ஒரு தொழிலாளி தலைகுனிந்து நிற்பார். அப்போது "யார் செய்தது?" என்று கேட்பதற்கு முன்னால், "இது எப்படி நடந்தது?" என்று கேட்போம். நாம் படித்த படிப்புக்கு அதுவே மரியாதை.

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை